முட்டியைத் தட்டி நேரம் பார்ப்பது ஒரு படிப்பா? பிசியோதெரபி மாணவியின் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பிசியோதெரபி இறுதியாண்டு படிக்கும் மகள், நோயே இல்லாதவர்களை உட்காரவைத்து முட்டியைச் சுத்தியலால் தட்டி, தசை எவ்வளவு நேரத்தில் துடிக்கிறது என்று குறித்துவைக்கப் போகிறாள். இதற்கா இத்தனை வருஷம் ஃபீஸ் கட்டினோம், வேலைக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வழியில் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று அவள் பேச ஆரம்பித்திருப்பதும், சொந்தக்காரர்கள் ‘பேசாமல் ஒரு கிளினிக் போட்டுக் கொடுங்கள்’ என்று சொல்வதும் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்ட்டை அவள் தாராளமாகச் செய்யட்டும். ஆராய்ச்சியா கிளினிக்கா என்பதை அது முடிந்த பிறகு பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு வேண்டிய தகவல் இந்த ப்ராஜெக்ட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

அவள் அளக்கப்போவது என்ன என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். முட்டிச்சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாணைத் தட்டினால் தொடையின் முன்பக்கத் தசை ஒரு கணம் இழுபடும். தசைக்குள்ளே இருக்கும் நுண்ணிய உணர்விகள் அந்த இழுப்பைத் தண்டுவடத்துக்குத் தெரிவிக்கும். அங்கே ஒரே ஓர் இணைப்பைத் தாண்டியதும் ‘சுருங்கு’ என்ற கட்டளை இன்னொரு நரம்பு வழியாக அதே தசைக்குத் திரும்பிவிடும். மூளையைக் கேட்டுக்கொண்டு நடக்கிற காரியம் இல்லை இது. தட்டிய நொடியிலிருந்து தசையில் மின்சைகை தெரியும்வரை ஆகும் நேரத்துக்கு லேட்டன்சி என்று பெயர். முட்டியில் அது ஏறத்தாழ 20 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. குதிகால் நாணில் தட்டினால் பாதை நீளம் என்பதால் 35-ஐ ஒட்டி வரும். விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தச் சொன்னால் சுறுசுறுப்பான இளைஞருக்கே 200 மில்லிசெகண்டை ஒட்டி ஆகும்.

இந்த நேரக்கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1875-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக, ஒரே இதழில், முட்டித் துடிப்பைப் பற்றி எழுதினார்கள். தண்டுவடம் வரை போய்த் திரும்பும் அனிச்சைச் செயல் என்றார் எர்ப். தட்டிய அதிர்ச்சியில் தசை தானாகத் துடிக்கிறது என்பது வெஸ்ட்பாலின் கருத்து. தண்டுவடம் போய்வர இவ்வளவு குறைந்த நேரம் போதுமா என்ற கேள்வி அதன்பின் வெகுகாலம் நீடித்தது. பாதையில் ஒரே ஓர் இணைப்புதான் என்பதை டேவிட் லாயிட் 1943-ல் பூனைகளில் காட்டினார். நேரத்தை நுணுக்கமாக அளக்க முடிந்ததால்தான் அந்த வாதம் தீர்ந்தது. உங்கள் மகள் கையில் எடுத்திருப்பது அதே கேள்வியின் சின்னத் துண்டு.

சரி, ஏன் ஆரோக்கியமானவர்கள்? உங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இயல்பான அளவு இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று ஒரு பத்தி இருக்கும். அது இல்லாவிட்டால் உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. யாரோ நோயற்றவர்களைப் பொறுமையாக அளந்ததால் வந்த பத்தி அது. நரம்பு விஷயத்தில் இது இன்னும் சிக்கல். உயரமானவருக்கு நரம்புப் பாதை நீளம், நேரமும் கூடும். வயது ஏற ஏற நரம்பின் வேகம் குறையும். அறுபது எழுபது வயதுக்கு மேல் வேறெந்தக் குறையும் இல்லாத சிலருக்குக் குதிகால் துடிப்பே வராது. உயரமும் வயதும் தெரியாமல் ‘38 மில்லிசெகண்ட், தாமதம்’ என்று ஒருவர் எழுதினால் அதை நம்பக்கூடாது.

இயல்பு தெரிந்தவர்களுக்குத்தான் நோயின் தடம் கண்ணில் படும். உடலின் எதிர்ப்புசக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயில் துடிப்புகள் மங்கும், மறையும். இடுப்பு வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் ஒரு காலில் மட்டும் குதிகால் துடிப்பு தாமதமாகலாம். அப்போது இடது வலது வித்தியாசம்தான் பேசும், ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குக்கூட அங்கே அர்த்தம் உண்டு. சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளைத் தொடும்போது குதிகால் துடிப்பு முன்கூட்டியே எச்சரிக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் துடித்த தசை தளர்வதற்கு அதிக நேரம் எடுக்கும். ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் வசதி பரவலாவதற்கு முன், இந்தத் தளர்வு நேரத்தை வைத்தே மருத்துவர்கள் தைராய்டைச் சோதித்திருக்கிறார்கள்.

வேலைக்கு என்ன பிரயோஜனம் என்ற உங்கள் கேள்விக்கு, இதைச் செய்வதில் உள்ள கஷ்டத்தைச் சொன்னால்தான் விடை புரியும். தட்டுவது சுலபம், எண்ணை நம்பும்படி எடுப்பது சிரமம். சுத்தியல் நாணைத் தொட்ட கணத்தை, தசையின் மின்சைகையைப் பதிவுசெய்யும் இ.எம்.ஜி. கருவிக்குத் தெரிவிக்க சுத்தியலிலேயே ஒரு சுவிட்சோ அதிர்வு உணர்வியோ இருக்க வேண்டும். அந்த சுவிட்ச் 2 மில்லிசெகண்ட் தாமதித்தால் முட்டிக் கணக்கில் பத்து சதவீதப் பிழை. 5 மில்லிசெகண்டில் ஒரு அலை தெரிகிறதா? அது துடிப்பாக இருக்க வழியே இல்லை. தட்டிய அதிர்வில், சைகையைப் பிடிக்கத் தோலில் ஒட்டிய மின்முனை ஆடியிருக்கும். எப்படி அவ்வளவு உறுதி? நரம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துவதாக வைத்துக்கொண்டாலும், தொடையிலிருந்து தண்டுவடம் போய் வர ஒரு மீட்டருக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டாலே பதினேழு மில்லிசெகண்டுக்குக் கீழே வராது. இந்தக் கணக்கை ஒரு மாணவி தானாகப் போட்டுப் பார்த்து, ‘இது தப்பு அலை’ என்று தள்ளிவைக்கிறாள் என்றால் அவளுக்கு வேலை கொடுக்க நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து நேரம் பார்க்கலாம் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். நொடிக்கு 240 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 4 மில்லிசெகண்டுக்கு மேல் இடைவெளி. போதாததற்கு, தசையில் மின்சைகை வந்த பிறகுதான் கால் அசையும். ஆகவே வீடியோவில் தெரிவது வேறொரு நேரம். மின்முனை ஒட்டித் தசையைப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

இன்னும் உண்டு. தட்டப்படுபவர் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் துடிப்பு வராது. அப்போது விரல்களைக் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்வார்கள். ஹங்கேரியின் ஜென்ட்ராசிக் 1885-ல் சொன்ன உபாயம் இது. துடிப்பு பெரிதாகும். ஆனால் சிலரிடம் இதைச் செய்யவைத்து, சிலரிடம் விட்டுவிட்டால் ஒப்பிட முடியாது. ஏ.சி. அறையில் கால் சில்லிட்டுப் போனாலும் நரம்பு மெதுவாகும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 2 மீட்டர். தோலின் வெப்பநிலையைக் குறிக்காத ப்ராஜெக்ட்டை நான் பாதி ப்ராஜெக்ட் என்றுதான் சொல்வேன். வகுப்புத் தோழிகளை மட்டும் உட்காரவைத்து ‘ஆரோக்கியமான பெரியவர்கள்’ என்று தலைப்புப் போடுவதும் அப்படித்தான். அவர்கள் இருபதை ஒட்டிய பெண்கள். வேறு வயதைப் பற்றியோ ஆண்களைப் பற்றியோ அந்த எண்கள் ஒன்றும் சொல்லாது. நாற்பது தாண்டியவர்களைச் சேர்த்தால் சர்க்கரையைச் சோதித்துவிட்டே ஆரோக்கியமானவர் என்று எழுத வேண்டும். நம் ஊரில் தெரியாமலே சர்க்கரையோடு நடமாடுபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ப்ராஜெக்ட் நடக்கும்போது மகளைக் கவனியுங்கள். கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். சாப்பிடும்போது அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று மட்டும் பாருங்கள். வந்தவர்களின் கதையை, வலியைப் பேசினால் அவள் மனசு சிகிச்சைப் பக்கம். பிசியோதெரபி முதுகலைப் படிப்பான எம்.பி.டி.யில் நரம்பியல் பிரிவு எடுத்து, பக்கவாதம், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு மறுவாழ்வு தரும் வேலைக்குப் போகலாம். கிளினிக்கும் அதன்பின் வைக்கலாம், கைக்கு மதிப்புக் கூடியிருக்கும்.

அலை ஏன் இப்படி வந்தது, மின்முனையை எங்கே ஒட்டியிருக்க வேண்டும் என்று பேசினால் நரம்பு மின்பரிசோதனைக் கூடம் அவளுக்குப் பொருந்தும். நரம்புக் கடத்தல் சோதனை, இ.எம்.ஜி., மூளையின் மின்சைகையைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. ஆகியவற்றைச் செய்யும் தொழில்நுட்பர்கள் பெரிய மருத்துவமனைகளுக்கு எப்போதும் தேவை. அறிக்கையில் கையெழுத்திடுவது நரம்பியல் மருத்துவர்தான், இதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு அறுவை சிகிச்சையின்போது நரம்புக்கு ஆபத்து வருகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்காணிப்பு வேலையும் வளர்ந்துவருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இத்துறைக்குப் பயிற்சிகள் உண்டு. தகுதி விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் படிக்கச் சொல்லுங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் இந்தப் படிப்புகள் ஒழுங்குபடுத்தப்படுவதால், சேரும் முன் கல்லூரியின் அங்கீகாரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

எண்களை அடுக்குவதிலும் ‘இன்னும் யாரும் இதைப் பார்க்கவில்லை’ என்பதிலும் அவளுக்குக் கண் மின்னினால் அது ஆராய்ச்சி மனம். மருத்துவ உடலியங்கியலில் எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி. என்று போகலாம். இந்த வழியில் பணம் மெதுவாகத்தான் வரும், மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. படித்தவர்கள் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகும் இடங்களின் பங்கும் விதிமுறைக்கு விதிமுறை மாறிவந்திருக்கிறது. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். உதவித்தொகையோடு கூடிய ஆராய்ச்சி இடம் கிடைத்தால் போகட்டும். கடன் வாங்கி பிஎச்.டி. படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. முதல் ஆளைத் தட்டுவதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நோயற்றவர்களுக்கும் பொருந்தும். வலிக்காத சோதனைதானே என்று விட்டுவிட முடியாது. ஜூனியர் பெண்களை ‘வாடி, உட்காரு’ என்று இழுத்துவந்தால் அது சம்மதம் ஆகாது. மறுக்க அவர்களுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்க வேண்டும். சோதனையில் யாருக்காவது துடிப்பே வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது, யாரிடம் அனுப்புவது என்பதையும் கைடு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஒருவருக்குத் துடிப்பு வராததாலேயே அவர் நோயாளி ஆகிவிட மாட்டார், பயமுறுத்தி அனுப்பிவிடக் கூடாது.

முடிவுகள் வந்ததும், பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மேற்படிப்பு நேர்காணலில் கேட்கப்போவது கட்டுரை எங்கே வந்தது என்பதைவிட, சுத்தியலின் தாமதத்தை எப்படிச் சரிபார்த்தாய் என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அவளிடம் பதில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப்பாருங்கள். இல்லையென்றால், ஆட்களை அழைக்கும் முன் கைடுடன் உட்கார்ந்து கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.