ஓரத்தில் எழுதியவை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். துறையில் மொத்தமே ஐந்து ஆசிரியர்கள். பாதி வகுப்பு தமிழில்தான் நடக்கும். சென்னையில் படிக்கும் நண்பர்கள், "அது ஆங்கிலத் துறையா, தமிழ்த் துறையா?" என்று கேட்கிறார்கள். நூலகத்தில் புதிய ஆய்விதழ் எதுவும் வருவதில்லை. இங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேரச் சொல்கிறார் ஒரு ஆசிரியர். இப்படி ஒரு இடத்திலிருந்து உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து, அதுவும் போருக்கு நடுவே.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974-இல், யாழ்ப்பாணத்தை ஒட்டியிருக்கும் திருநெல்வேலியில் தொடங்கியது. 1979-இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அந்த வளாகம் என்றாலே நமக்குத் தமிழ் விமர்சகர்கள்தான் ஞாபகம் வருவார்கள்; கைலாசபதி வருவார், சிவத்தம்பி வருவார். அங்கே ஆங்கிலம் கற்பித்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில் நெடுநாளாக வருத்தம் உண்டு.

சுரேஷ் கனகராஜா எண்பதுகளின் நடுவிலிருந்து 1994 வரை அங்கே ஆங்கிலம் கற்பித்தார். இடையில் அமெரிக்கா போய் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஊருக்கே திரும்பினார். 1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை வேறு. ஆய்விதழ்களோ நல்ல வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்த பல பிரதிகளைக் கேட்கும். தாளுக்கே தட்டுப்பாடான ஊரில் அதற்கு எங்கே போவது? தபால் எப்போது போகும், பதில் எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. அறிவுலகம் யாரை உள்ளே விடுகிறது என்பதில் இந்தத் தாளும் தபாலும்கூட எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்று பிற்பாடு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2002-இல் வந்த 'எ ஜியோபாலிடிக்ஸ் ஆஃப் அகாடமிக் ரைட்டிங்' அது. உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் எப்படியாவது தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, அந்த நிலைமையில் அவர் எதை ஆராய்ந்தார்? தன் வகுப்பைத்தான். முதலாம் ஆண்டு மாணவர்கள் 22 பேர். நன்கொடையாக வந்த அமெரிக்கப் பாடப்புத்தகம். பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறந்து எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களின் ஓரங்களைப் புரட்டினால் வேறொரு வகுப்பே நடந்துகொண்டிருந்தது. சினிமாப் பாட்டு வரிகள், காதல் வசனங்கள், போராட்டத்தைப் பற்றிய கிறுக்கல்கள். பாடம் அமெரிக்காவில் நடக்க, ஓரம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. மற்ற ஆசிரியராக இருந்தால் "புத்தகத்தைப் பாழாக்காதே" என்று அதட்டியிருப்பார். இவர் அதைப் படித்தார். அதிலிருந்து எழுந்த கட்டுரை 1993-இல் 'டெசோல் குவார்ட்டர்லி' இதழில் வெளியானது. ஆங்கிலம் கற்பித்தல் துறையில் முன்னணி இதழ் அது. 2005-இல் அதற்கே அவர் ஆசிரியரானார்.

உங்கள் நண்பர்களின் கேலிக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் தமிழ் எப்போதெல்லாம் நுழைகிறது என்று கவனித்து 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்டிக்க, தட்டிக்கொடுக்க, கடினமான சொல்லை விளக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்கள் தமிழுக்கு வருகிறார்கள். அதை இயலாமை என்று ஒதுக்காமல், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தார்.

எனக்கும் அப்படி ஒரு ஆசிரியர் இருந்தார். இலையுதிர்காலத்தைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கவிதை நடத்தினார். இங்கிலாந்தின் இலையுதிர்காலத்தை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. அறுவடை முடிந்த வயலைச் சொல்லும் இடம் வந்தது. அகராதிப் பொருளைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் "அரிதாள்டா" என்றார். வகுப்பில் பாதிப்பேர் வெறுங்காலோடு அரிதாளில் நடந்து கால் கிழிந்தவர்கள். சாயங்கால வெயிலில் அது எப்படிச் சிவந்து கிடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கவிதை அன்றைக்கு எனக்குச் சொந்தமானது. அந்தத் துறையில் அப்போது நான்கே ஆசிரியர்கள்.

ஏ.ஜே. கனகரட்னாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2006-இல் மறைந்தார். அவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலத்தில் தான் படித்த விமர்சனக் கட்டுரைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'மத்து' என்ற தொகுப்பாகத் தந்தார். பட்டங்களைத் தேடியவர் இல்லை, புத்தகங்களாக எழுதிக் குவித்தவரும் இல்லை. ஆனால் ஈழத்து எழுத்தாளர்கள் பலர் ஆங்கிலத்தில் எதைப் படிப்பது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இப்படிப்பட்டவர்களின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஆகவே தம்பி, ஐந்து பேர் குறைவு என்று நினைக்க வேண்டாம். சேரச் சொன்ன அந்த ஆசிரியரிடம் ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள். அவர் என்ன படித்துக்கொண்டிருக்கிறார், எதை எழுத நினைத்து விட்டுவிட்டார் என்று கேளுங்கள். நூலகத்துக்குப் போனால் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து, உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் ஓரத்தில் எழுதி வைத்திருக்கும் தமிழ் அர்த்தங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பத்துப் புத்தகம் பார்த்ததும் எனக்கு எழுதுங்கள்.