மாடி பாத்ரூம்: வாசகர் கேள்வி-பதில்

முதல் மாடி கம்மோடுக்கு எத்தனை இஞ்ச் பைப்? வாட்டம் எவ்வளவு? (திருநெல்வேலி)

நாலு இஞ்ச். நாலடிக்கு ஒண்ணேகால் இஞ்ச் வாட்டம். மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கி நிற்கும் பைப்புக்கும் கம்மோடுக்கும் நடுவே ஐந்தாறு அடிக்கு மேல் போகாதபடி பிளான் போடுங்கள். வாங்கும்போது பைப் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கழிவுக்கு ‘டைப் பி’தான். ‘டைப் ஏ’ மழைநீருக்கும், காற்று போய்வரும் வென்ட் பைப்புக்கும். அதன் கனம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், பி மூன்றுக்கு மேல். கடைக்காரர் விலையை மட்டும்தான் சொல்வார்.

மாடி பாத்ரூமுக்கு எவ்வளவு பைப் வாங்கணும்? அர்ஜென்ட். (ஊர் எழுதவில்லை)

ஊரை மட்டுமா எழுதவில்லை? பாத்ரூம் எந்த மூலை, செப்டிக் டேங்க் எந்தப் பக்கம், கீழே என்ன அறை, எதுவுமே இல்லை. தாளில் கிறுக்கியாவது ஒரு பிளான் அனுப்புங்கள்.

சங்கன் ஸ்லாப் (பைப் பதிக்கத் தாழ்த்திப் போடும் தளம்) போடுவதா, ஸ்லாபுக்கு அடியில் பைப்பைத் தொங்கவிடுவதா? கீழே சமையலறை. (ஈரோடு)

கீழே போர்டிகோவோ படிக்கட்டோ இருந்தால் தொங்கவிடச் சொல்வேன். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அடுப்புக்கு மேலே என்றால் ஓரடி சங்கன் போடுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே சீலிங்கைப் பாருங்கள். பிறகு பைப் பதித்து, வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி இன்னொரு முறை. நிரப்புவதற்கு இடித்த கட்டட ரப்பிஷைக் கொட்டவிடாதீர்கள். கூர்முனை பட்டால் வாட்டர்ப்ரூஃபிங் போச்சு. சங்கனின் அடிமட்டத்தில் வெளிச்சுவர் பக்கம் ஒரு சின்ன பைப் விட்டு வையுங்கள். என்றைக்காவது அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே கசிவு என்று அர்த்தம். பூஜை அறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வாஸ்துக்காரர் இருக்கிறார்.

மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழ் பாத்ரூம் தரை ஜாலியில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம், பின்னாலேயே நாற்றம். பிளம்பர் இரண்டு முறை ஜாலியை மாற்றிவிட்டார். எலிவேஷன் கெடுகிறதென்று வென்ட் பைப்பை சன்ஷேடுக்குக் கீழேயே நிறுத்தி மூடி போட்டிருக்கிறோம். அதனால் இருக்குமோ? (சேலம்)

இருக்குமோ என்ன, அதேதான். ஊர்ப்பெயர் மட்டும் மாறி இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. முன்பக்கச் சுவருக்குக் கல் ஒட்ட லட்சக்கணக்கில் செலவழிப்பார்கள், பத்தடி பைப்பில் சிக்கனம் பிடிப்பார்கள்.

செப்டிக் டேங்க் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது டிராப்பில், அதாவது பைப்பின் வளைவில், நிற்கும் இரண்டு இஞ்ச் தண்ணீர் மட்டும்தான். ஜாலி இல்லை, பினாயில் இல்லை. ஃப்ளஷை அழுத்தினால் ஆறு லிட்டர் தண்ணீர் மொத்தமாக இறங்குகிறது. முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது, பின்னால் காற்றை இழுக்கிறது. மேலே வாய் திறந்திருந்தால் அந்தக் காற்று வானத்திலிருந்து வரும். நீங்கள்தான் மூடிவிட்டீர்களே! பக்கத்து டிராப் வழியாக இழுக்கிறது. ‘குளுக்’ என்பது அந்த டிராப் தண்ணீர் போகிற சத்தம்.

நிற்கும் பைப்பை அதே நாலு இஞ்சில், குறுக்காமல், மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோங்கள். துணி காயப்போட ஆள் நடமாடும் மாடி என்றால் ஏழடி உயரம். பத்தடிக்குள் ஜன்னல் இருந்தால் அதன் தலைமட்டத்துக்கு மேல் இரண்டடி. உச்சியில் கவுல், அதாவது காற்று போய்வர ஓட்டை வைத்த தொப்பி. கொசுவுக்குப் பயந்தால் நைலான் வலை கட்டுங்கள், மூடி மட்டும் போடாதீர்கள். எலிவேஷன்தான் கவலையா? தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி ஏற்றினால் தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

ஒருவழிக் காற்று வால்வு போதாதா என்று அடுத்து எழுதுவீர்கள். போதாது. அது காற்றை உள்ளே விடும், வாயுவை வெளியே விடாது. நிற்கும் பைப்பின் காலடியையும் திறந்து பாருங்கள். ஒரே 90 டிகிரி எல்போ இருந்தால் இரண்டு 45 ஆக்குங்கள். கீழ்த்தளக் கம்மோடு இதே பைப்பில் சேர்ந்திருந்தால் பிரித்து, தனி லைனாக வெளியே இருக்கும் சேம்பருக்கு (மூடி போட்ட ஆய்வுத் தொட்டி) விடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருகிறோம். மாடி பாத்ரூம் கதவைத் திறந்தாலே வீச்சம். வென்ட் சரியாக இருக்கிறது. (நாகர்கோவில்)

டிராப் வற்றியிருக்கும். தரை ஜாலியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். பூட்டிவிட்டுக் கிளம்பும் அன்று அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய், சீக்கிரம் ஆவியாகாது.

மொட்டை மாடி மழைத்தண்ணீரையும் கம்மோடு பைப்பிலேயே சேர்த்துவிடலாமா? (கும்பகோணம்)

கூடாது. ஒரே ஐப்பசி மழையில் செப்டிக் டேங்க் பொங்கிவிடும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம். அந்தக் குழிக்குத் தனி பைப் விடுங்கள்.

கம்மோடு இன்னும் வாங்கவில்லை. பிளம்பர் எஸ் டிராப்புக்கு (கழிவு தரை வழியாக இறங்கும் மாடல்) சுவரிலிருந்து 9 இஞ்சில் ஓட்டை போடுகிறேன் என்கிறார். சரியா? (மதுரை)

முதலில் கம்மோடை முடிவு செய்யுங்கள். 12 இஞ்ச் மாடலும் உண்டு. அந்த 9 இஞ்ச் ஓடு ஒட்டிய சுவரிலிருந்து ஓட்டையின் நடுமையத்துக்கு. வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்தால் பூச்சுக்கும் ஓட்டுக்குமாக ஒண்ணேகால் இஞ்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேப்பைப் பிடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன 48 மணி நேரத் தண்ணீர்க்கட்டு உங்களுக்கும் உண்டு.