ஐந்து பேர் குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி வேண்டும்?

கேள்வி: 8 வயதில் மகள், 5 வயதில் மகன். மூன்றாவது குழந்தை வரப்போகிறது. இப்போது இருப்பது 750 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு. 1,200 சதுர அடி வீட்டுக்கு மாறிவிட வேண்டுமா?

இப்போதே மாற வேண்டாம். மூன்று, நான்கு வருடத்தில் மூன்றாவது படுக்கையறை கட்டாயம் தேவைப்படும். அதற்கும் 1,200 சதுர அடி வேண்டியதில்லை. ஒழுங்காகப் பிரித்திருந்தால் 900 முதல் 950 போதும். நான் சொல்வது வெளிச்சுவர்களுக்குள் அடங்கும் இடத்தின் கணக்கு, உள்சுவர்களும் சேர்த்து. விளம்பரத்தில் போடுகிற எண்ணில் வெளிச்சுவர், பால்கனி, மாடிப்படியில் உங்கள் பங்கு எல்லாம் சேர்ந்திருக்கலாம். அதை முதலில் கழித்துவிடுங்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்குத் தனி அறை இப்போது தேவையில்லை. முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தை தூங்குவதுதான் பாதுகாப்பு என்பது மருத்துவர்களின் அறிவுரை. குழந்தைக் கட்டில் இரண்டரைக்கு நாலரை அடி இருக்கும், அதாவது 11 சதுர அடி. உங்கள் கட்டில் 6 அடி அகலம் என்றால் 5 அடிக் கட்டிலுக்கு மாறினாலே பாதி இடம் கிடைத்துவிடும். முதல் மூன்று வருடம் இடத்தை அடைப்பது குழந்தையைவிட அதன் சாமான்கள்தான்.

நெருக்கடி வருவது மூத்தவளுக்கு 12 ஆகும்போது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வீட்டு நெரிசலைக் கணக்கிட ஒரு விதி வைத்திருக்கிறது. 12 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு ஓர் அறை. 12 முதல் 17 வரை ஒரே பாலினமாக இருந்தால் மட்டும் இருவர் பகிரலாம். 18 வயது ஆகிவிட்டால் தனி அறை. உங்கள் வீட்டுக்கு இதை அப்படியே பொருத்தினால் இப்போதே ஓர் அறை குறைகிறது. கைக்குழந்தைக்கும் அது ஓர் அறை கேட்பதுதான் காரணம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மகள், மகன் இருவரும் ஓர் அறையில் இருப்பது இன்னும் நான்கு வருடம் தாங்கும். அதன்பிறகு கடைக்குட்டி பெண்ணானால் அக்காவுடன், பையனானால் அண்ணனுடன். ஆக, மூன்று படுக்கையறை. நான்காவது எப்படியும் தேவைப்படாது. மகள் படிப்புக்கோ வேலைக்கோ வெளியே போய்விட்டால் மறுபடி அறை மிஞ்சும். இந்த உச்சக்கட்டம் ஆறேழு வருடம்தான். அதற்காக இருபது வருடக் கடனைப் பெரிதாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

900 எப்படி வருகிறது என்றால்: பெற்றோர் அறை 115, பிள்ளைகள் அறை இரண்டும் சேர்த்து 200, ஹால் 150, ஆறு பேர் மேசையும் நாற்காலி இழுக்கும் இடமும் 80, சமையலறை 65, குளியலறை, கழிப்பறை 65, சாமான் வைக்க 50, துவைக்க 25. மொத்தம் 750. நடைபாதைக்கு 90, உள்சுவர்களுக்கு 60 சேருங்கள். இங்கிலாந்து அரசு 2015இல் வெளியிட்ட வீட்டு அளவு விதியில் மூன்று படுக்கையறை, ஐந்து பேர், ஒரே தளம் என்றால் குறைந்தது 86 சதுர மீட்டர். அதாவது 926 சதுர அடி. இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மொத்தப் பரப்பைவிட அறையின் நீள அகலம்தான் ஏமாற்றும். 10க்கு 10 அறையும் 11க்கு 9 அறையும் ஏறக்குறைய ஒரே பரப்பு. 5 அடி அகலம், ஆறரை அடி நீளக் கட்டிலை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். 11 அடி நீளத்தில் கட்டில் ஆறரை, கால்மாட்டில் அலமாரி 2, நடுவே இரண்டரை அடி மிச்சம். அலமாரிக் கதவு முழுதாகத் திறக்கும், ஆளும் நிற்கலாம். 9 அடி அகலத்தில் கட்டிலுக்கு இருபுறமும் 2 அடி. 10க்கு 10இல் அதே அலமாரியைக் கால்மாட்டில் வைத்தால் ஒன்றரை அடிதான் மிஞ்சும், கதவு கட்டிலில் இடிக்கும். பக்கத்துச் சுவருக்கு மாற்றினால் ஒருவர் சுவரை ஒட்டித்தான் ஏறி இறங்க வேண்டும். தள்ளுகதவு அலமாரி கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் 10 அடி என்றிருப்பது பெரும்பாலும் செங்கல்லிலிருந்து செங்கல்லுக்கு. பூச்சு பூசிய பிறகு ஒன்று, ஒன்றரை அங்குலம் குறையும். டேப்பை நேரில் பிடித்து, பூச்சிலிருந்து பூச்சுக்கு அளங்கள். கையோடு சுவர்களையும் எண்ணுங்கள்: மூன்று சுவரில் கதவும் ஜன்னலும் பால்கனியும் இருந்தால் கட்டில் போட ஒரே சுவர்தான் மிச்சம்.

பிள்ளைகள் அறையில் 3 அடி அகலக் கட்டில் இரண்டு, நடுவே இரண்டரை அடி: எட்டரை அடி அகலம் போதும். படிப்பு மேசைகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 4 அடி மேசை ஒன்றுக்கு நாற்காலி தள்ளும் இடத்தோடு 18 சதுர அடி ஆகும். இரண்டு மேசையும் உள்ளே வர வேண்டுமானால் அடுக்குக் கட்டில்தான் வழி. மேல்தட்டில் 6 வயதுக்குட்பட்டவரைப் படுக்க வைக்கக்கூடாது. மேல்மெத்தைக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது 3 அடி இருக்கட்டும். மேலே மண்டியிட்டுக் கையை நீட்டினால் ஃபேன் இறக்கை எட்டவே கூடாது. கட்டிலை வாங்குவதற்கு முன்பே ஃபேன் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்.

வீடு மாற முடியவில்லை என்றால், அல்லது இரண்டு படுக்கையறை வீடே நல்ல விலைக்கு அமைந்தால், பெரிய அறையைத் தடுக்கலாம். மேற்சொன்ன இங்கிலாந்து விதியில் ஒருவர் படுக்கும் அறைக்குக் குறைந்தது ஏழரை சதுர மீட்டர், அதாவது சுமார் 81 சதுர அடி. அகலம் 7 அடிக்குச் சற்று மேல். எனவே 17க்கு 10 அறையை நடுவில் தடுத்தால் இரண்டு பாதியும் தேறும். ஆனால் ஒவ்வொரு பாதிக்கும் சொந்த ஜன்னலும் சொந்தக் கதவும் வேண்டும். ஒருவர் அறை வழியாக இன்னொருவர் போக வேண்டியிருந்தால் அது அறையே இல்லை, நடைபாதை. ஃபேன் கொக்கி பெரும்பாலும் கூரையின் நட்டநடுவில் இருக்கும், தடுப்பும் அங்கேதான் வரும். இரண்டு புதுக் கொக்கி, இரண்டு சுவிட்ச் போர்டு என்று முதலிலேயே திட்டமிடுங்கள்.

தடுப்புக்கு உலோகச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு நல்லது. இருபக்கமும் சேர்த்து 4 அங்குலம்தான், எடை சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு 200 கிலோவைத் தாண்டும். மாடித் தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் அதை எழுப்பாதீர்கள். உள்ளே ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்லிழைப் பஞ்சு) திணித்து, கூரை வரை இடைவெளியில்லாமல் மூடச் சொல்லுங்கள். மேலே ஒரு அடி விட்டால் சத்தம் அப்படியே அடுத்த பக்கம் போகும். பரீட்சை நேரத்தில் அடிதடிதான்.

கடைசியாகக் குளியலறை. ஐந்து பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் காலையில் ஒன்றேகால் மணி நேரம் கதவு மூடியே இருக்கும். இரண்டாவது குளியலறை கிடைக்காவிட்டால் இருப்பதைப் பிரியுங்கள். 5க்கு 7 அடி இடத்தில் 3 அடி கழிப்பறைக்கும் மீதி குளிக்கவும் ஒதுக்கினால் நடுச்சுவர் போகக் குளிக்கும் பக்கம் மூன்றரை அடிக்கு மேல் கிடைக்கும், அது போதும். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு, வாஷ்பேசின் வெளியே. ஒரே நேரத்தில் மூன்று பேர் தயாராகலாம். இதைச் செய்வதற்கு முன் கழிவுநீர்க் குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று பாருங்கள். கழிப்பறைக் கோப்பையை அந்தச் சுவரை ஒட்டியே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் குழாய்க்குச் சரிவு கொடுக்கத் தரையை உயர்த்த வேண்டி வரும், வாசலில் படியும் வந்துவிடும்.