கனவுக் கத்தி: காத்திருப்பதா, கூடுதல் விலை கொடுப்பதா?

கத்தி சேகரிப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பெரும்பாலானவை அமெரிக்காவின் ராண்டல் பட்டறை கையால் செய்யும் கத்தியைச் சுற்றியே இருப்பதால், ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கும் உதவும்.

கேள்வி: டல்லஸில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், என்னோடு பணிபுரிபவரின் தந்தை தன்னுடைய ராண்டல் கத்தியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர் அவர். மாடல் 1, ஏழு அங்குல அலகு, தோலால் ஆன பிடி. அன்றிலிருந்து அதே போல் ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. பட்டறையில் ஆர்டர் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ஒரு வியாபாரி உடனே தருவதாகச் சொல்கிறார். ஆனால் பட்டறை விலைக்கு மேல் கணிசமாகக் கேட்கிறார். இன்னொருவர் இணையத்தில், போர்முனைக்குப் போய் வந்தது என்று சொல்லிப் பழைய கத்தி ஒன்றைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: மூன்று பேரும் உங்களிடம் விற்பது ஒரே பொருள் அல்ல. பட்டறை கத்தியை விற்கிறது. வியாபாரி கத்தியோடு, அவர் உங்களுக்கு முன்பே வரிசையில் நின்று கழித்த காலத்தையும் விற்கிறார். மூன்றாமவர் கத்தியோடு ஒரு கதையையும் விற்கிறார். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தாளில் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காத்திருப்பு எதனால் என்பதைத் தெரிந்துகொண்டால் அது அவ்வளவு கசக்காது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த போ ராண்டல், 1937-இல் மிச்சிகன் மாநிலத்து ஏரி ஒன்றின் கரையில் ஒருவர் படகின் பழைய வண்ணத்தைக் கத்தியால் சுரண்டுவதைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கூர் மழுங்காத அந்தக் கத்தி, வில்லியம் ஸ்கேகல் என்ற கொல்லர் செய்தது. அதைப் போல் தானும் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று தொடங்கியவர், அடுத்த ஆண்டே அதைத் தொழிலாக்கிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் கேட்டதற்காகப் பிறந்ததுதான் நீங்கள் ஆசைப்படும் மாடல் 1. அவர் 1989-இல் இறந்த பிறகும் குடும்பத்தார் அதே ஊரில் பட்டறையை நடத்திவருகிறார்கள். எஃகைக் காய்ச்சி, அடித்து, கையால் தேய்த்து உருவம் கொடுக்கும் முறை இன்றும் தொடர்கிறது. கைகள் சில, கேட்பவர்கள் பலர். அதனால்தான் அந்த வரிசை.

என் யோசனை இதுதான்: இன்றைய காத்திருப்பு எவ்வளவு என்று பட்டறையிடமே கேட்டு, ஆர்டரை உடனே கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு வியாபாரியின் விலையிலிருந்து பட்டறை விலையைக் கழித்து, காத்திருக்க வேண்டிய ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு முன்னதாகக் கையில் கிடைப்பதற்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று உங்கள் மனம் ஒப்பினால் வாங்குவதில் தவறே இல்லை. வயதான தந்தைக்கு அன்பளிப்பாகத் தர நினைப்பவருக்குக் காலம்தான் விலை உயர்ந்த பொருள்; அவரிடம் காத்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்களோ பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறீர்கள். இன்னும் சில ஆண்டுகள் உங்களால் முடியும்.

ஆர்டர் கொடுப்பதில் வேறொரு லாபமும் உண்டு. அலகின் நீளம், எஃகு, பிடியின் பொருள், கைகாப்பு, உறை எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். ஓ-1 என்னும் கருவி எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்பதுதான் முதல் முடிவு. ஓ-1 நல்ல கூர் ஏறும், சாணைக்கல்லில் எளிதாகத் தீட்டலாம். ஆனால் துடைக்காமல் வைத்தால் ஒரே இரவில் புள்ளி விழும். நீங்கள் அன்று பார்த்த பிடி, வளையங்களாக வெட்டிய தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கி, பிறகு தேய்த்து உருவாக்கியது. புதிதில் வெளிறிய பழுப்பாக இருக்கும். கை பட்டுப் பட்டு ஆண்டுகள் கழிந்தால் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறம் உங்கள் கையாலேயே ஏற வேண்டும் என்று நினைத்தால் புதிய கத்தியே சரி.

டெக்சஸில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் 1 முதல் அங்கே 5.5 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்தியையும் பெரியவர்கள் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது. உங்கள் ஏழு அங்குலக் கத்திக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். வாங்கி வரும் வழியில் அதைக் காரில் வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும்.

கேள்வி: கதையோடு விற்கப்படும் பழைய கத்தியை எப்படிச் சோதிப்பது? விற்பவர் மிகவும் உருக்கமாகப் பேசுகிறார்.

பதில்: உருக்கம் உண்மையாகவே இருக்கலாம். அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் நம்பியிருப்பார். ஆனால் கேட்கும் விலை கதைக்கு என்றால், கதைக்குக் காகிதம் வேண்டும்: கத்தி வாங்கிய ரசீது, பட்டறையோடு நடந்த கடிதப் போக்குவரத்து, அந்த வீரரின் பணி ஆவணம், அந்தக் கத்தியே தெரியும் பழைய புகைப்படம். இவற்றில் ஒன்றும் இல்லை என்றால், நல்ல பழைய கத்திக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள்.

உறுதியான கதைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அமெரிக்காவின் மெர்குரி திட்டத்து விண்வெளி வீரர்களுக்காக, அவர்களில் ஒருவரான கோர்டன் கூப்பரோடு கலந்து ராண்டல் செய்தது ‘ஆஸ்ட்ரோ’ என்னும் மாடல் 17. 1961 ஜூலையில் கஸ் கிரிசம் பறந்து திரும்பிய ‘லிபர்ட்டி பெல் 7’ கலம் அட்லாண்டிக் கடலில் மூழ்கியபோது, அவருடைய கத்தியும் கூடவே மூழ்கியது. 1999-இல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கலத்தை மேலே தூக்கினார்கள். கத்தி உள்ளேயே இருந்தது. யாருடையது, எங்கே இருந்தது, யார் எடுத்தார் என்று ஒவ்வொரு படிக்கும் சாட்சி இருக்கிறது. நீங்கள் வாங்கும் கத்திக்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணியாவது கையில் இருக்க வேண்டும்.

அடுத்து உறை. புதிதாகச் சேகரிப்பவர்கள் அலகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகியவர்கள் உறையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ராண்டலின் உறைகளைப் பட்டறை வெளியே கொடுத்துத் தைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் டென்வர் நகரத்து ஹெய்சர் நிறுவனம் செய்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து ஜான்சன் என்பவர் செய்தார். அவருடைய தொடக்கக் கால உறைகளின் பின்புறத் தோல் சொரசொரப்பாக இருக்கும், பிற்காலத்தில் வழுவழுப்பாகிவிட்டது. ஆகவே உலகப் போருக்குப் போன கத்தி என்று சொல்லி ஜான்சன் உறையோடு காட்டினால், உறை பிறகு சேர்ந்தது என்பது உறுதி. அது குற்றம் அல்ல, உறை கிழிந்தால் மாற்றத்தானே வேண்டும். ஆனால் விலை குறைய வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், அட்லாண்டாவில் ஜூன் மாதம் நடக்கும் பெரிய கத்திக் கண்காட்சியில், ஒரு மேசையில் பழைய கத்தியைப் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கினேன். உறையின் முன்புறத்தில் சிறு பை, அதற்குள் சாணைக்கல். அறைக்கு வந்து கல்லை வெளியே எடுத்துப் பார்த்தேன். நடுவில் குழி விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கத்தியின் அலகோ அகலம் சற்றும் குறையாமல், தீட்டிய தடமே இல்லாமல் இருந்தது. அந்தக் கல் வேறொரு கத்தியைத் தீட்டிய கல். அந்த உறை வேறொரு கத்தியின் உறை. மூன்றும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருந்தவை என்று சொல்லி விற்றவர் மறுநாள் தன் மேசையில் இல்லை. அன்று முதல் கல்லைத்தான் முதலில் கேட்கிறேன்.

அலகில் பார்க்க வேண்டியவை: முனை ஒடிந்து மறுபடி தேய்க்கப்பட்டிருந்தால் முதுகின் வளைவு முனைக்கு அருகே திடீரென்று சரியும். ‘ராண்டல் மேட், ஆர்லாண்டோ’ என்ற முத்திரையின் எழுத்துகள் மெலிந்து, ஓரம் மழுங்கியிருந்தால், யாரோ பளபளப்பாக்கும் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். எஃகில் காலப்போக்கில் படிந்த சாம்பல் நிறம் பழுது அல்ல, அதைப் போக்கிவிட்டதுதான் பழுது. வாங்கிய பின் நீங்களும் அதைத் துடைத்து மினுக்க நினைக்காதீர்கள்.

பணம் அனுப்பும்போது பேபாலில் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வழியில் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்குவதற்கான வழியில் அனுப்பினால் ஆகும் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் அந்தக் கத்தி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் ராண்டலின் 11 அங்குல போவி கத்தியை (நீண்ட அலகுள்ள பெரிய கத்தி) வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளும் இடம்பெற்றிருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு மட்டும் விலக்கு உண்டு. போவி கத்தியைக் காய்கறி நறுக்கச் செய்தது என்று எந்தச் சுங்க அதிகாரியிடமும் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் உங்கள் அண்ணன் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

ராண்டல்தான் வேண்டும் என்றால் வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்படும் சிறிய மாடல்களைப் பாருங்கள். மாடல் 8-இன் அலகு 4 அங்குலம்தான். அதையும் கொண்டுவரும் முன் அளவு, படம், ரசீது ஆகியவற்றோடு சுங்கத் துறைக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். கைப்பையில் வைக்கக் கூடாது. உறையிட்டு, முனையைக் கட்டி, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். கூரியரில் வரவழைக்காதீர்கள். தடுத்து வைக்கப்பட்டால் மீட்பதற்கு ஆகும் அலைச்சல் பெரிது.

பிடி மான்கொம்பில் ஆனதாக இருக்கவே கூடாது. ஒரு காலத்தில் உலகமெங்கும் கத்திப் பிடிகளுக்கு நம் நாட்டுக் கடமானின் கொம்புதான் போனது. 1990களின் இறுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கிருந்து போன கொம்பேயானாலும் திரும்பி வந்தால் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கேள்வி எழும். தோல் பிடி, அல்லது மைக்கார்ட்டா என்னும் துணியும் பிசினும் சேர்ந்த பொருளே போதும்.

கேள்வி: தந்தப் பிடி போட்ட பழைய ராண்டல் ஒன்று அமெரிக்காவில் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: மலிவாக வருவதற்குக் காரணமே தந்தம்தான். 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கு அமெரிக்க மத்திய அரசு ஏறக்குறைய முழுத் தடை விதித்திருக்கிறது. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ராண்டலில் அவ்வளவு பழைய கத்தியே கிடையாது. சிறிதளவு தந்தம் கொண்ட பொருளுக்கு உள்ள விலக்கைப் பெறவும் பல நிபந்தனைகளுக்கு ஆவணம் காட்ட வேண்டும். இவற்றுக்கு மேல் ஒரு யானையின் உயிர் இருக்கிறது. நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: ஹூஸ்டனில் ஈரக் காற்று. கத்தியை உறையிலேயே வைத்திருந்தேன். பித்தளைக் கைகாப்பில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. அது களிம்பு. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் வருவதைப் போன்றதுதான். பதப்படுத்திய தோலில் இருக்கும் அமிலமும் எண்ணெயும் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கின்றன. எஃகு அலகுக்கும் அதே கதி நேரும். மென்மையான துணியும் மர ஈர்க்குச்சியும் கொண்டு மெதுவாக எடுங்கள். புளி, எலுமிச்சை, பளபளப்பாக்கும் பசை எதுவும் வேண்டாம். அலகில் மெல்லிய மினரல் எண்ணெய் தடவி, கத்தியையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் தனித்தனியாக வையுங்கள். தோல் பிடிக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது, ஊறித் தளர்ந்துவிடும். எந்த உறை எந்தக் கத்திக்கு உரியது என்று சீட்டு எழுதிக் கட்டிவைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: இதை முதலீடு என்று சொல்லி வீட்டில் ஒப்புதல் வாங்கலாமா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். விற்கும்போது வியாபாரி தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார். விருப்பமானவர்கள் குறைந்தால் விலையும் குறையும். ஆசைப்படுகிறேன், இவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஆர்லாண்டோ பட்டறையை ஒட்டியுள்ள ராண்டல் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஆர்டரும் கொடுத்துவிட்டால் அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். காத்திருக்கும் ஆண்டுகளில் வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால், முதல் வாரத்திலேயே பட்டறைக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.