தீவுக் காப்பகத்தில் நடை: முதலில் கடலின் நேரம்

கேள்வி: கடலோரத் தீவு ஒன்றின் இயற்கைக் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். நீர் வற்றும்போது மணல்திட்டு வழியாக நடந்தே போய், அங்குள்ள பாதைகளைச் சுற்றி வரலாமாம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்றைய கடல்நீர் ஏற்ற இறக்க அட்டவணையைத்தான். நேற்றைய நேரத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான கரைகளில் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குச் சுமார் 6 மணி நேரம். ஆனால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தை 12 பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்ததில் 2, மூன்றாவது நான்காவது மணிகளில் தலா 3. கணுக்கால் அளவுதானே என்று நிதானமாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். திட்டின் நடுப்பகுதி உலர்ந்திருக்கும்போதே கரையோரப் பள்ளம் நிரம்பிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் வேகம்.

உச்ச வற்றத்துக்கு ஒரு மணி முன் கடந்து, அது முடிந்த ஒரு மணிக்குள் திரும்புங்கள். அதற்குள் முடியும் சிறிய பாதையே போதும். மணலில் நடை மெதுவாகும். காப்பகம் பாதுகாப்பு நேரம் அறிவித்திருந்தால் அதுதான் கணக்கு. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். ஆள்காட்டி இனப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும். புள்ளி போட்ட அந்த முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். ஒரு பறவை சிறகொடிந்ததுபோல் இழுத்து நடந்தால், கூடு பக்கத்தில்தான். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.