மனைவியின் குலக் காட்டில் மரம் வெட்ட வருகிறார்கள்: எங்கே தடுப்பது?

கேள்வி: சாலமன் தீவுகளின் ஹொனியாராவில் வேலை பார்க்கிறேன். மனைவி குவாடல்கனால் தீவைச் சேர்ந்தவர். அவருடைய குலத்துக் காட்டில் மரம் வெட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. விசாரணைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். “தாய்மாமன் கையெழுத்துப் போட்டால் போதும்” என்கிறார் தரகர். மனைவிக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த விசாரணைக்கு உங்கள் மனைவி கட்டாயம் போக வேண்டும். மாகாண நிர்வாகம் அங்கே நிலத் தகராறைத் தீர்ப்பதில்லை. மர உரிமையை வழங்கத் தகுதியானவர்கள் யார் என்று பெயர்களைத்தான் முடிவு செய்கிறது. ஒப்பந்தம், உரிமம் எல்லாம் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். குவாடல்கனாலில் நிலம் தாய்வழிச் சொத்து. பட்டியலிலோ பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான்! ஆகவே தாய், பாட்டி என்று வம்சத்தைச் சொல்லி, ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கட்டும்.

முடிவு பாதகமானால், அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் வழக்காற்று நில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கடைக்கோடிக் கிராமத்தாருக்குப் படகுச் செலவு திரட்டவே அந்த ஒரு மாதம் போதாது. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

தரகர் விஷயத்தில் கறாராக இருங்கள். வெற்றுத் தாளிலோ, தலைப்பில்லாத வருகைப் பட்டியலிலோ யாரும் கையெழுத்திடக் கூடாது. அவர் நீட்டும் முன்பணம் அன்பளிப்பு அல்ல, பின்னால் ராயல்டியில், அதாவது மரத்துக்காக நிலத்தாருக்குக் கிடைக்கும் பங்கில், கழிக்கப்படும் கடன். அந்த ராயல்டியே ஏற்றுமதி மதிப்பில் வழக்கமாக 15 சதவீதம்தான். அரசுக்கு 25 போக மீதி நிறுவனத்துக்கு. 15-உம் முதலில் பட்டியலில் உள்ளவர்கள் கைக்குத்தான் போகும்.

“நிறுவனத்துக்கு மர உரிமை கொடுக்காவிட்டால் நீங்களும் மரம் வெட்ட முடியாது” என்றும் மிரட்டுவார்கள். நம்பாதீர்கள். வீடு கட்ட, படகு குடைய, அடுப்பெரிக்க என்று சொந்தத் தேவைக்கு வெட்டுவது வேறு; விற்பதற்காக வெட்டுவது வேறு. முன்னதற்கு உரிமம் வேண்டாம். ஆனால் வீட்டுக்கென வெட்டியதில் மிஞ்சிய பலகையை விலைக்குக் கொடுத்தால்கூடச் சிக்கல் வரும். மிச்சத்தை உறவினருக்குச் சும்மா கொடுத்துவிடுங்கள்.

கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் வணிகத்துக்காக வெட்டக் கூடாது என்கிறது வெட்டு நெறிமுறை. சோதிக்க வரும் அதிகாரியோ பல இடங்களில் நிறுவனத்தின் வண்டியையே நம்பி வருகிறார். அவர் எதைக் கண்டுபிடிப்பார்? எனவே விண்ணப்ப வரைபடத்தின் நகலை இப்போதே கேட்டு வாங்கி, குலத்தின் தாம்பு இடங்களையும் (தீண்டக் கூடாத புனித இடங்கள்) குடிநீர் ஊற்றுகளையும் அதில் குறித்து, ஆட்சேபணையோடு இணைத்துக் கொடுங்கள்.