அழித்த கோப்பும் காலியாகாத டிஸ்க்கும்

கேள்வி: எங்கள் கடையில் லினக்ஸ் கொம்பியூட்டர் ஒன்றில் கமெராப் பதிவுகளைச் சேமிக்கிறோம். 120 ஜிபி டிஸ்க் நிறைந்துவிட்டது. பார்த்தால், பதிவு மென்பொருளின் லொக் கோப்பு (நடப்பதை எழுதி வைக்கும் குறிப்பு) மட்டுமே 38 ஜிபி! அதை அழித்தேன். டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் கட்டளை இன்னும் 100 வீதம் என்கிறது; கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையின் கணக்கில் 38 ஜிபி குறைந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கரண்ட் போய் வந்தபோது இடம் தானாகக் கிடைத்தது. ஏன் இப்படி?
- வாசகர், பரந்தன்

பதில்: கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை வெட்டுவது பெயரை மட்டும்தான். கோப்பின் உண்மையான பதிவு ஐநோட். அதற்கு எத்தனை பெயர் இருக்கிறது, எத்தனை நிரல்கள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன என்ற இரண்டையும் லினக்ஸின் மையமான கேர்னல் எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டும் 0 ஆனால்தான் டிஸ்க் இடம் விடுபடும். காணி உறுதியில் பெயரை வெட்டினாலும் குடியிருப்பவர் எழும்பவில்லையே! டியூ பெயர்களைப் பார்த்துக் கூட்டுகிறது, டிஎஃப், டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையின் கணக்கைக் கேட்கிறது, அதனால்தான் வித்தியாசம்.

கரண்ட் போனதும் திறந்து வைத்திருந்த நிரல் செத்துவிட்டது. லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இப்படிப் பெயரில்லாமல் கிடக்கும் ஐநோட்களை 'அநாதைப் பட்டியல்' ஒன்றில் எழுதி வைக்கும். அடுத்தமுறை மவுண்ட் ஆகும்போது (டிஸ்க் பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்போது) அவற்றை விடுவிக்கும். அதற்காகக் கரண்ட்டைப் பிடுங்காதீர்கள்!

பதிலாக, திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு பிளஸ் எல்1 என்ற தெரிவைக் கொடுத்து ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டுங்கள். பெயரிழந்தும் திறந்திருக்கும் கோப்புகள் மட்டும் வரும். நிரலின் எண் 1420, எஃப்டி (திறந்த கோப்பின் எண்) பத்தியில் 7டபிள்யூ (எழுதுவதற்குத் திறந்த 7ஆம் எண்) என்று காட்டினால், அந்த நிரலை மட்டும் றீஸ்ராட் செய்தால் போதும். நிறுத்தவே முடியாதென்றால், ஓடும் நிரல்களின் விபரம் இருக்கும் புரொக் அடைவில் 1420, அதற்குள் எஃப்டி, அதற்குள் 7 என்ற இணைப்பை ட்ரங்கேட் கட்டளையால் 0 அளவுக்குக் குறுக்கலாம். லொக்குக்கு மட்டும்தான் இது. வீடியோவிலோ தரவுத்தளத்திலோ கை வைக்காதீர்கள். நிரல் அப்பென்ட் முறையில் (எப்போதும் கோப்பின் முடிவில் எழுதும் முறை) திறக்கவில்லையென்றால் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். அளவு மறுபடி 38 ஜிபி என்று தெரிந்தாலும், முன்பகுதி டிஸ்க்கில் இடம் பிடிக்காத ஓட்டைதான், அதனால் டிஸ்க் நிறையாது.

சிலர் கேஷை (நினைவகத்தில் தற்காலிகமாக வைத்த தரவை) காலி செய்யச் சொல்வார்கள். அதனால் காலியாவது நினைவகம், டிஸ்க்குக்குப் பயனில்லை.

மறுபடி நிறையாமலிருக்க பழைய லொக்குகளைச் சுழற்றி நீக்கும் லொக்ரொட்டேட்டில் 100 எம்பி, 5 பிரதி என்று எல்லை வையுங்கள். அதன் கொப்பிட்ரங்கேட் தெரிவு முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் குறுக்கும், ஆகவே நிறைந்த டிஸ்க்கில் அது தோற்கும். மென்பொருள் லொக்கை மீண்டும் திறக்கும் சிக்னலை ஏற்குமானால் அந்த வழியே மேல்.